சைபர் எழுதாத காலைகள்

"அன்ரி, நீங்கள் ஏன் நவம்பருக்குப் பிறகு குருவி எண்ணப் போகேல்ல?" என்று எங்கள் அமைப்பின் ஆராய்ச்சிப் பிள்ளை கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. தேத்தண்ணீர்க் கோப்பையை நான் மேசையில் வைத்த சத்தத்திலேயே அவளுக்கு அது விளங்கியிருக்கும்.

"ஆர் சொன்னது போகேல்லையெண்டு?"

அவள் ஒக்டோபர் தொடக்கம் மார்ச் வரையான ஆறு தாள்களை மேசையில் விரித்தாள். ஒவ்வொன்றிலும் அந்த மாதத்துச் செவ்வாய்களும் வெள்ளிகளும் வரிசையாக அச்சடித்திருந்தன. எதிரே நேரம், நீர்மட்டம், பறவைகளின் எண்ணிக்கை, வேறு குறிப்பு என்று கட்டங்கள். ஒக்டோபரில் எல்லா வரியும் என் கையெழுத்தில் நிரம்பியிருந்தது. நவம்பரில் நாலு வரி. அதற்குப் பிறகு வெறும் கட்டங்கள்தான்.

"போனனான்," என்றேன். "கிழமையில ரெண்டு நாள் பஸ் பிடிச்சுப் போய் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்துட்டு வந்தனான். குருவி ஒண்டும் வரேல்ல. வராததை எப்பிடி எழுதுறது?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "சைபர் எண்டு எழுதியிருக்கோணும் அன்ரி," என்றாள் மெல்ல. "வெறுமையா விட்டால் ஒருத்தரும் போய்ப் பாக்கேல்ல எண்டுதான் எடுப்பினம்."

எங்கள் அமைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு என்றதும் பெரிய கட்டடமும் வாகனங்களும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள், நாலு கதிரை, ஒரு அலுமாரி, மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. செயலாளர் நீர்ப்பாசன வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர். இந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள், ஆராய்ச்சி அவளுடைய பொறுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் உப்புத்தண்ணீரில் வளரும் கண்டல் காட்டைக் காட்டுவது, கரையில் கண்டல் நாற்று நடுவது, வருகிற பறவைகளை எண்ணிக் குறித்து வைப்பது, இவைதான் வேலை. மற்றபடி என்னைப்போல வேறு சோலியில்லாத நாலைந்து பேர்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு இயற்கைமேல் இருந்த பற்று காரணமில்லை. அக்காவும் நானும் முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். நான் கலியாணம் கட்டவில்லை. அவ கட்டி, அவரைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு என்னிடம் வந்தவ. அந்த மகன் வளர்ந்து கனடா போய், அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததும், பார்த்துக்கொள்ள அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டான். அதற்கு முந்தின வருடந்தான், கடதாசித் தட்டுப்பாட்டில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த கொப்பி, பேனைக் கடையையும் மூடியிருந்தேன். ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. கழுவ வேறொன்றும் இல்லை. அந்த வீட்டின் அமைதியை என்னால் தாங்க ஏலாமல் இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பொது நூலகத்து அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பறவை எண்ண ஆட்கள் தேவை, அனுபவம் தேவையில்லை. அனுபவம் தேவையில்லை என்று எழுதின ஆளை எனக்கு உடனே பிடித்துவிட்டது. அது இந்தப் பிள்ளைதான்.

எனக்குக் கிடைத்தது குடாவின் உள்மூலையில் ஒரு சேற்றுநிலம். கிண்ணியா பஸ்ஸில் ஏறி, சீனக்குடாவைத் தாண்டி ஒரு வளைவில் இறங்கி, கண்டல் மரங்களுக்கு நடுவால் கொஞ்சத் தூரம் நடந்தால் வரும். உட்கார ஒரு உடைந்த சீமெந்துக் கட்டை. எதிரே சேறும், அதற்கப்பால் தண்ணீரும். மழைக்காலம் தொடங்கும்போது குளிர் நாடுகளிலிருந்து சின்னச் சின்ன உள்ளான் குருவிகள் அங்கே வந்து இறங்கும். கொக்கு எந்நாளும் நிற்கும், அதை எண்ணத் தேவையில்லை. வெளியிலிருந்து வருகிறதைத்தான் எண்ண வேண்டும். முதலில் எனக்கு எல்லாம் ஒரே சாம்பல் குருவியாகத்தான் தெரிந்தது. பிறகு அவள் பக்கத்தில் இருந்து, கால் நிறத்தைப் பார், சொண்டின் நீளத்தைப் பார், பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணு என்று பழக்கினாள். மகள் வயதுப் பிள்ளையிடம் பேச்சு வாங்கித்தான் படித்தேன்.

முதல் பருவம் சந்தோஷமாகத்தான் போனது. சேறு முழுக்கக் குருவி. எண்ணி முடிப்பதற்குள் ஒரு கூட்டம் எழும்பி மற்றப் பக்கம் போய் இறங்கும், நான் திட்டிக்கொண்டு திரும்பத் தொடங்குவேன். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வகுப்பைக் கூட்டி வந்தார்கள். நான் அந்தக் கட்டையில் ஏறி நின்று, இந்தக் குருவி எங்கேயிருந்து வருகிறது தெரியுமோ என்று தொடங்கி, எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து விளாசினேன். நல்லாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடையில் ரீச்சர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூட்டிக்கொண்டு போய்விட்டா. மிச்சக் கதையை வீட்டில் குசினி அடுப்புக்கு முன்னால் நின்று நானே சொல்லி முடித்தேன்.

இரண்டாம் பருவத்தில் லொறிகள் வந்தன. சேற்றுநிலத்தின் ஓரத்துக் காணியை உயர்த்துகிறோம் என்று சொல்லிக் கல்லும் மண்ணும் கொட்டினார்கள். காணியில் தொடங்கிய மண் மெல்ல மெல்லச் சேற்றுக்குள் இறங்கியது. நவம்பர் நடுவில் குருவிகள் நின்றுபோயின. நான் போய்க் கட்டையில் இருப்பேன். ஒரு மணித்தியாலம் பார்ப்பேன். லொறி வரும், கொட்டும், போகும். பிறகு நான் எழும்பிப் பஸ் எடுப்பேன்.

அப்போது ஏன் சைபர் எழுதவில்லை என்று அந்தப் பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எங்கள் வீட்டில் ஒரு சாமான் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்லமாட்டோம். அரிசிப் பானையின் அடி தெரிந்தாலும் அம்மா "அரிசி வாங்கோணும்" என்றுதான் சொல்லுவா. கடையில் நானும் அப்படித்தான். யாரும் வந்து சிவப்புப் பேனை கேட்டால் "நாளைக்கு வரும்" என்பேன். அது வராது என்று எனக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அப்படிப் பழகின கைக்கு, கட்டத்துக்குள் ஒரு வட்டத்தைக் கீறி மூடிவிட மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரட்டும் என்று விட்டேன். வெள்ளி போனால் செவ்வாய் வரட்டும் என்று விட்டேன். எண்ணிக்கை இல்லாமல் நேரத்தையும் நீர்மட்டத்தையும் எழுதி என்ன பயன் என்று அவற்றையும் விட்டேன். மாதம் முடிய தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தப் பிள்ளை அந்தப் பருவம் முழுக்க மேற்படிப்புக்காகக் கண்டியில் இருந்தாள். செயலாளர் தாள்களை வாங்கி, பார்க்காமலே அலுமாரிக்குள் வைத்தார்.

"இப்ப என்ன குடிமுழுகிப் போச்சு?" என்று கேட்டேன். கோபம் இன்னும் இறங்கவில்லை.

அப்போதுதான் அவள் முழுக்கதையையும் சொன்னாள். அடுத்த புதன்கிழமை அரச அலுவலகம் ஒன்றில் கூட்டம். சேற்றுநிலத்துக்கு எல்லைக்கல் போட வேண்டும், அதுவரை மண் கொட்டுவதை நிற்பாட்ட வேண்டும் என்று எங்கள் அமைப்பு மனுக் கொடுத்திருந்தது. மண் கொட்டுகிறவர்களோ, கொட்டினதால் குருவிகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள். கொட்டின பிறகு குருவி வரவில்லை என்று நாங்கள் காட்ட வேண்டும். காட்டுவதற்கு இருப்பது இந்த ஆறு தாள்கள்தான்.

செயலாளர் நல்ல மனுசன். அவர் லேசான வழி சொன்னார். "இதுக்குப் போய் ஏன் மண்டையைக் காய விடுறியள்? அவ போனவதானே. எல்லாக் கட்டத்துக்கும் இப்ப சைபரைப் போட்டுவிடுங்கோவன். ஆருக்குத் தெரியும்?"

"ஏலாது சேர்," என்றாள் அந்தப் பிள்ளை. "அன்ரி, எல்லா நாளும் போனனீங்களோ?"

எல்லா நாளும் போனேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. போகாத நாட்களும் இருந்தன. எந்த நாட்கள் என்று கேட்டால் எனக்கே தெரியாது. போன நாளும் போகாத நாளும் அந்தத் தாளில் ஒரே வெள்ளையாக இருந்தன.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்று எழும்பி வந்துவிட்டேன்.

யாராவது என்னைக் கண்டிருப்பார்கள் என்று நம்பினேன். ஆறு மாதம் ஒரே பாதையால் போய் வந்த ஆளை ஒருவராவது பார்த்திருக்க மாட்டார்களா? அடுத்த நாள் காலையிலேயே அந்த வளைவுக்குப் போனேன். தூரத்துக் காவற்கொட்டிலில் நின்ற கடற்படைப் பெடியன் போன கிழமைதான் மாற்றலாகி வந்தவன். கரைவலைக்காரர் அந்தப் பக்கம் வருவதில்லை. கடைசியில், ஓட்டோவில் பாண் விற்கிறவர் பாட்டுப் போட்டபடி வந்தார். எத்தனையோ காலை என்னைத் தாண்டிப் போனவர். மறித்துக் கேட்டேன்.

"உங்களையோ?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் கண்ட மாதிரி இல்லையே அக்கா. பாண் வாங்கினனீங்களோ?"

வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். அன்றைக்கு ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குருவியை எண்ணப் போன என்னை எண்ண ஒரு ஆளில்லை.

மத்தியானம் பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கும்போது போன் கிணுங்கியது. அக்கா ஒரு ரோசாப்பூப் படம் அனுப்பியிருந்தா. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

கட்டையில் இருந்து எழும்ப முதல் நான் அக்காவுக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்புவது வழக்கம். நேரே எடுத்தால் அங்கே பிள்ளைகள் படுக்கிற நேரம், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிடுவா. அதனால் சொல்ல வேண்டியதைப் பதிந்து அனுப்பிவிட்டு வருவேன். அதற்கு அக்கா ஒரு கட்டைவிரல் படம் போடுவா. சேற்றுநிலத்தில் இருந்து மட்டுந்தான் அப்படி அனுப்புவேன், வீட்டிலிருந்து அனுப்ப என்ன புதினம் இருக்கிறது? ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் திகதியும் நேரமும் இருக்கும்.

போனை மேலே தள்ளிக்கொண்டு போனேன். இருந்தன. மார்ச், பெப்ரவரி, ஜனவரி, எல்லாம் செவ்வாயும் வெள்ளியும், எல்லாம் காலை ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில். சந்தோஷத்தில் இன்னும் மேலே தள்ளினேன்.

பிறகுதான் மற்றதைக் கண்டேன். குரல்பதிவின் ஓரத்தில் சின்னதாக ஒரு மைக் அடையாளம் இருக்கும். மற்றவர் அதைக் கேட்டால் நீலமாகும், கேட்காவிட்டால் சாம்பலாகவே கிடக்கும். நவம்பர் வரைக்கும் நீலம். டிசம்பரில் இரண்டோ மூன்றோ நீலம். அதற்குப் பிறகு வந்த அத்தனையும் சாம்பல். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கட்டைவிரல்.

அக்காவைப் பிழை சொல்ல ஏலாது. இரட்டைப் பிள்ளைகளோடு மாரடிக்கிற மனுசி, முழங்கால் நோ வேறு. என்றாலும் நான் அழுதேன். நல்லாக அழுதேன். பக்கத்து வீட்டில் கேட்டிருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

அழுது முடித்து, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு வெட்கமும் அந்தரமுமாகிவிட்டது. தொடக்கத்தில் எல்லாம் குருவிக் கதை. போகப்போக வேறு கதையும் வந்திருந்தது. இதையெல்லாம் நானா சொன்னேன்? அந்தப் பதிவுகளை மட்டும் அழித்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அழித்தால் அந்த நாளும் சேர்ந்து போய்விடும். ஜனவரியும் பெப்ரவரியும் பெரும்பாலும் அப்படிப்பட்ட பதிவுகளாகவே இருந்தன. அவற்றை எடுத்துவிட்டால் தாளில் திரும்பவும் வெள்ளைதான்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் போனைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் மேசையில் வைத்தேன். செயலாளர் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, கீழ போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலா வாங்கோ," என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவள் புதுத்தாள் எடுத்து வைத்தாள். மேலே, பதிவைக் கேட்டு எழுதியது, போனில் ஆதாரம் உண்டு என்று குறித்தாள். பிறகு பதிவை ஓட விட்டாள்.

"அக்கா, இண்டைக்கும் ஒண்டும் வரேல்ல. நானும் கொக்குந்தான். லொறி ரெண்டு தரம் வந்துட்டுது. உன்ர முழங்கால் எப்பிடி?"

அவள் திகதியைப் பார்த்தாள், நேரத்தை எழுதினாள், எண்ணிக்கைக் கட்டத்தில் சைபர் போட்டாள். அடுத்தது.

"அக்கா, தண்ணி நல்லா வத்திக் கிடக்கு. முந்தியெண்டால் இப்பிடி வத்தினால் குருவி கால் வைக்க இடமில்லாமல் நிக்கும். ஒண்டுமில்லை. வீட்டில மாங்காய் கிடக்கு, ஊறுகாய் போட்டு ஆருக்குக் குடுக்கிறது எண்டு தெரியேல்ல."

சைபர். அவள் நீர்மட்டத்தையும் எழுதிக்கொண்டாள். இப்படியே டிசம்பர் முடிந்தது. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை.

"அக்கா, செவ்வாய்க்குப் பிறகு நான் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல. பஸ்ஸில கொண்டக்டருக்குச் சொன்ன இடப்பேர் மட்டுந்தான். இப்ப கதைக்க என்ர குரல் எனக்கே வேற ஆரோ கதைக்கிற மாதிரிக் கிடக்கு. நீ போனது எனக்குப் பிடிக்கேல்ல அக்கா. போகாதே எண்டு சொல்லியிருக்கோணும். சொன்னால் நீ நிண்டிருப்பாய், அதுதான் சொல்லேல்ல..."

அவளுடைய விரல் போனுக்குப் போனது. நிற்பாட்டினாள். என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தபடி கேட்டாள்.

"இதை விட்டுட்டுப் போகட்டோ அன்ரி?"

"குருவி இல்லையெண்டு இன்னும் சொல்லேல்ல," என்றேன். "கடைசியிலதான் சொல்லுவன். ஓட விடுங்கோ."

ஓட விட்டாள். நான் யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது பற்றவில்லை. என் குரல் இன்னும் கொஞ்ச நேரம் அக்காவோடு சண்டை பிடித்தது, பிறகு மூக்கை உறிஞ்சியது, பிறகு, "சரி, குருவி ஒண்டும் வரேல்ல, நான் பஸ்ஸுக்குப் போறன்," என்றது. பேனை தாளில் உராய்கிற சத்தம் கேட்டது. கேட்க ஆளில்லாமல் கிடந்ததை இப்போது ஒரு ஆள் கேட்டுவிட்டது. அது எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

பதிவு இல்லாத நாட்கள் ஒன்பது வந்தன.

"இந்த நாட்கள் போகேல்ல," என்றேன்.

"சுகமில்லாமல் இருந்தனீங்களோ?"

"சுகமாத்தான் இருந்தனான். எழும்ப மனமிருக்கேல்ல. எழும்பி என்ன செய்யிறது எண்டு படுத்துக் கிடந்தனான். அந்த நாளுக்குச் சைபர் போடாதேங்கோ."

அவள் அந்த ஒன்பது வரிகளிலும் குறிப்புக் கட்டத்தில் "போகவில்லை" என்று எழுதினாள். காரணம் எழுதவில்லை.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார்கள். நீளமான மேசை, மின்விசிறிக்குப் பறக்கிற கடதாசிகள், அந்தப் பக்கம் காணிக்காரரின் ஆட்கள் நாலு பேர், இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். கூட்டத்துக்குத் தலைமை வகித்த அலுவலர் வயதானவர். முதல் பருவத்துத் தாள்களைப் பார்த்தார். பிறகு இரண்டாம் பருவத்துத் தாள்களை எடுத்து விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். சைபர், சைபர், சைபர், போகவில்லை, சைபர். அந்தப் பிள்ளை எப்படி எழுதப்பட்டது என்று எழும்பி விளக்கினாள். ஒன்பது நாள் போகாததையும் ஒளிக்காமல் சொன்னாள். காணிக்காரரின் ஆள் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அலுவலர் கையைக் காட்டி இருத்தினார்.

"இந்தத் தாள் பொய் எண்டு நான் நினைக்கேல்ல," என்றார். "பொய் எழுதுற ஆள் போகாத நாளைச் சொல்லாது." பிறகு கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார். "ஒண்டும் வராத இடத்தில இத்தினை நாள் போய் இருந்தது ஆர்?"

நான் எழும்பினேன்.

"குருவி வரேல்லையெண்டு முதல் மாசமே தெரிஞ்சிருக்கும். பிறகும் ஏன் அம்மா போனனீங்கள்?"

ஆராய்ச்சிக்காக, வருங்காலச் சந்ததிக்காக என்று செயலாளர் எனக்கு வழியிலே சொல்லித் தந்திருந்தார். எல்லாம் மறந்து போச்சு.

"எனக்குப் போக வேற இடமிருக்கேல்ல, ஐயா," என்றேன்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பகிடி என்று நினைத்திருக்க வேண்டும், காணிக்காரரின் ஆட்கள்கூடச் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அலுவலர் சிரித்தபடியே பேனையைத் திறந்து, எல்லை அளக்கும் வரைக்கும் மண் கொட்டக்கூடாது என்ற கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.